ஒரே தொகை, இரண்டு கடிதங்கள்: இராஜினாமாவுக்குப் பின் வந்த ஒரு கவுண்டர் ஒஃபர்

இரண்டு கடிதங்களிலும் இருந்த தொகை ஒன்றுதான்: மாதம் 210,000 ரூபா. ஒன்று ராஜகிரியவில் உள்ள ஒரு நிறுவனம் கொடுத்த நியமனக் கடிதம். மற்றது கவுண்டர் ஒஃபர், அதாவது விலகப் போகிறவரை நிறுத்திவைக்க அவருடைய நிறுவனமே கூட்டிக் கொடுக்க முன்வரும் சம்பளம். கொழும்பு யூனியன் பிளேசில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்த நிறுவனம், இராஜினாமாக் கடிதம் கைக்குக் கிடைத்த மூன்றாம் நாள் அதைக் கொடுத்தது.

"ரெண்டும் ஒரே காசு எண்டா, பேந்து நான் ஏன் மாறுவான் அக்கா?"

கொழும்பில் தனியார் நிறுவனங்களின் சம்பளப் பிரிவிலும் மனிதவளப் பிரிவிலும் நீண்ட காலம் இருந்தவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்பார்கள். இவர் போடும் முன்பே கேட்டார். இரண்டு கடிதங்களையும் கடைசிப் பே ஸ்லிப்பையும் அனுப்பிவைத்தார். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களை விட்டிருக்கிறேன், தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். அவரைக் கணக்காளர் என்றே சொல்கிறேன்.

ஆளும் வேலையும்

கணக்காளர் வவுனியாவில் பிறந்தவர். முப்பதைத் தாண்டிய வயது. கணவர், பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும் மகன், மாமியார் ஆகியோரோடு வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறார். 2020 இறுதியில், கொரோனா முடக்கங்களுக்கு நடுவே, வீட்டுப் பாவனைப் பொருட்களை இறக்குமதி செய்து நாடு முழுவதும் விநியோகிக்கும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு எக்செகியூட்டிவாகச் சேர்ந்தார். நியமனக் கடிதத்தின்படி அவருடைய வேலை வங்கி இணக்கக் கூற்று, கடன்கொடுநர் கணக்கு, மாத இறுதி அறிக்கை.

கடிதத்தில் இல்லாத இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. அந்தப் பிரிவில் தமிழ் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மட்டக்களப்பு, அட்டன் பக்கத்து முகவர்கள் காசோலை திரும்பியதற்கும், பெட்டி உடைந்து வந்ததற்கும், கடன் எல்லையைக் கூட்டித் தரச் சொல்லியும் எடுக்கும் அழைப்புகள் எல்லாம் அவருடைய மேசைக்குத் திருப்பிவிடப்பட்டன. ஒரு கை உதவி என்று ஆரம்பித்தது, இரண்டு வருடத்தில் அவருடைய காலைப்பொழுதை முழுக்க எடுத்துக்கொண்டது. தனக்கென்று உள்ள வேலையை மற்றவர்கள் பையைத் தூக்கும் நேரத்தில்தான் அவரால் தொடங்க முடிந்தது. மாத இறுதி நாட்களில் வெள்ளவத்தையில் பஸ்சால் இறங்கும்போது மகன் தூங்கிப் பலநேரம் ஆகியிருக்கும்.

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கொழும்பு அலுவலகங்களில் தமிழ் பேசுவோர் பலருக்கு நடப்பது இது. வடக்கு, கிழக்கு, மலையக வாடிக்கையாளர்களைத் தக்கவைத்துக் கொடுப்பது வருமானம் தரும் வேலை. அதைச் செய்கிறவரின் பதவி விபரத்தில் அதற்கென்று ஒரு வரி இருக்காது, சம்பளத்தில் ஒரு ரூபா இருக்காது. செய்கிறவருமே அதை வேலையாக எண்ணிப் பார்ப்பதில்லை. "எங்கட ஆக்கள்தானே" என்று செய்துகொடுப்பார். கணக்காளரும் அப்படித்தான் செய்தார்.

இடையில் உதவி முகாமையாளர் பதவி இரண்டு தடவை பேசப்பட்டுத் தள்ளிப்போனது. அதன் பிறகுதான் வெளியே பார்க்கத் தொடங்கினார். ராஜகிரிய நிறுவனம் அவுஸ்திரேலிய வாடிக்கையாளர்களின் கணக்குகளை இங்கிருந்து செய்துகொடுக்கிறது. அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட முன்னே ஓடுவதால் வேலை காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடியும்.

கவுண்டர் ஒஃபர் வந்த விதம்

திங்கட்கிழமை இராஜினாமாக் கடிதம் கொடுத்தார். முன்னறிவித்தல் காலம் இரண்டு மாதம். அன்று மாலையே மனிதவளப் பிரிவு மின்னஞ்சலில் அதை ஏற்றுக்கொண்டது. நிதி முகாமையாளர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதன்கிழமை முகாமைத்துவப் பணிப்பாளர் மேலே கூப்பிட்டார்.

அவர் நல்ல மனிதர். கணக்காளரைத் 'துவ' என்று மகளைப் போலக் கூப்பிடுகிறவர். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தாண்டியபோது, இறக்குமதிக்கான கடன் கடிதம் (LC) திறக்க வங்கிகளிடம் டொலர் இல்லாமல் இறக்குமதியாளர்கள் தவித்தார்கள். பெற்றோல் வரிசை, பல மணி நேர மின்வெட்டு, அந்த வருடம் செப்டெம்பரில் 70 வீதத்தைத் தொட்ட பணவீக்கம். அந்த நிலையிலும் இந்த நிறுவனம் ஒருவருடைய சம்பளத்தையும் வெட்டவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டது. பணிப்பாளர் அதை நினைவூட்டினார். அவர் சொன்னது உண்மை என்பதால் கணக்காளருக்கு மனம் கனத்துப்போனது.

புது இடத்தில் எவ்வளவு என்று பணிப்பாளர் கேட்டார். கணக்காளர் சொன்னார். மாலையில் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதில் வேண்டும் என்று அதில் இருந்தது.

நான் முதலில் சொன்னது, திங்கள்வரை தவணை கேளுங்கள் என்று. ஒரு பதவி உயர்வை இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டவர்கள், ஒரு குடும்பத்தின் தீர்மானத்தை இரண்டு நாளில் கேட்பது நியாயமில்லை. நயமாகக் கேட்டார். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். இப்படியான தவணைகள் பெரும்பாலும் கேட்டால் நீளும்.

வவுனியாவில் இருக்கும் அப்பா தொலைபேசியில், "இருக்கிறதை விட்டிட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதை பிள்ளை" என்றார். அவர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். மாதா மாதம் ஓய்வூதியம் வருகிறது. ஓரிடத்தில் நின்று நிலைத்ததற்கு அவருக்குக் கிடைத்த பலன் அது. தனியார் துறையில் அந்த ஓய்வூதியம் இல்லை. அங்கே முதுமைக்கு என்று சேர்வது ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் கொடுக்கும் பணிக்கொடை மூன்றும்தான். மூன்றும் எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகின்றன என்று பார்க்காமல் கவுண்டர் ஒஃபரை எடைபோட முடியாது.

கடிதங்களை வரி வரியாகப் படித்தபோது

அதுவரை அவர் வாங்கிய சம்பளத்தில் அடிப்படை 120,000. போக்குவரத்துக் கொடுப்பனவும் ஊக்குவிப்பும் சேர்த்து 45,000. மொத்தம் 165,000. கவுண்டர் ஒஃபரில் அடிப்படை அதே 120,000தான். கூட்டிய 45,000 ரூபாவும் 'செயற்றிறன் ஊக்குவிப்பு' என்ற புதிய வரியில் இருந்தது. 'முகாமைத்துவத்தின் தீர்மானத்துக்கு உட்பட்டது' என்ற சொற்களும் அதோடு இருந்தன. ராஜகிரியக் கடிதத்தில் அடிப்படை 185,000, போக்குவரத்து 25,000.

சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், தொழில்தருநரின் பங்கு 12 வீதம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது இது. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தொழில்தருநர் தன் கையிலிருந்து மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, அவற்றைப் போன்ற கொடுப்பனவுகள் இந்தக் கணக்குக்குள் வரும். மேலதிக நேரக் கொடுப்பனவு வராது. இலக்கோடு கட்டிய ஊக்குவிப்பையும் பெற்றோல் காசையும் நிறுவனங்கள் வெளியே விட்டுவிடுகின்றன. ஒவ்வொரு மாதமும் மாறாமல் கொடுக்கும் சம்பளத்துக்கு ஊக்குவிப்பு என்று பெயரிட்டு வெளியே வைத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். ஆனால் அதே நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே நாரஹேன்பிட்டியில் உள்ள அந்தத் திணைக்களத்துக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுக்கிறவர்கள் குறைவு.

இப்போது கணக்கு. 2025 ஏப்ரலிலிருந்து மாதச் சம்பளத்தில் முதல் 150,000 ரூபாவுக்கு வருமான வரி இல்லை, அதற்கு மேல் வரும் முதல் 83,333 ரூபாவுக்கு 6 வீதம். ஆகவே 210,000 ரூபாவுக்கு இரண்டு இடத்திலும் வரி ஒன்றுதான்: 3,600. சேமலாப நிதிக்குக் கழிபடும் அவருடைய பங்கு கவுண்டர் ஒஃபரில் 9,600, ராஜகிரியவில் 14,800. கைக்கு வருவது முறையே 196,800, 191,600.

கவுண்டர் ஒஃபரில் கைக்கு 5,200 ரூபா கூடுதலாக வருகிறது. பே ஸ்லிப்பின் கடைசி வரியை மட்டும் பார்த்தால் பழைய நிறுவனமே அதிகம் கொடுப்பதுபோல் தெரியும். கணக்காளருக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது, கணக்குத் துறையிலேயே இருந்தும்.

இரண்டு நிதிகளுக்கும் மாதம் போய்ச் சேரும் மொத்தத்தைப் பார்த்தால் கதை மாறுகிறது. கவுண்டர் ஒஃபரில் 27,600, ராஜகிரியவில் 42,550. வித்தியாசம் 14,950. கைக்கு வரும் 5,200 ரூபாவைக் கழித்தாலும் கவுண்டர் ஒஃபர் மாதம் 9,750 ரூபா குறைவு. வருடத்துக்கு 117,000. அந்த நிறுவனத்தில் வருடாந்தச் சம்பள உயர்வும் அடிப்படையின் வீதமாகவே கணக்கிடப்பட்டது: 10 வீதம் கொடுத்தால் 120,000 ரூபாவில் 12,000, 185,000 ரூபாவில் 18,500. இன்று ஒரே தொகையாகத் தெரியும் இரண்டு சம்பளமும் அடுத்த வருடமே ஒன்றாக இருக்காது.

ஊக்குவிப்பு வரிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. முகாமைத்துவத்தின் தீர்மானத்துக்கு உட்பட்டது என்று எழுதப்பட்ட காசை விற்பனை சரியும் காலாண்டில் நிறுத்தலாம். நான் வேலை செய்த ஓரிடத்தில் அப்படி நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். கவுண்டர் ஒஃபரை நம்பி நின்றவரின் சம்பளம் ஒரு வருடத்துக்குள் பழைய இடத்துக்கே வந்தது.

நிறுவனங்கள் அடிப்படையைத் தொடத் தயங்குவதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பணிக்கொடை கடைசியாக வாங்கிய சம்பளத்தின் மீது கணக்கிடப்படுகிறது. இன்று அடிப்படையில் 10,000 ரூபா கூட்டினால், பதினைந்து வருடம் வேலை செய்த ஒருவருக்கு நிறுவனம் கொடுக்க வேண்டிய பணிக்கொடை அன்றே 75,000 ரூபாவால் கூடிவிடும். கடந்துபோன பதினைந்து வருடத்துக்கும் சேர்த்து. எனவே கூட்டுவதைக் கொடுப்பனவில் கூட்டுவதே அவர்களுக்கு வசதி. கவுண்டர் ஒஃபர் வாங்குகிறவர் அதே காரணத்துக்காக அடிப்படையைத்தான் கேட்க வேண்டும்.

பணிக்கொடைக்கு இரண்டு மாதம் போதவில்லை

இந்த நிகழ்வில் உண்மையாகவே கடினமாக இருந்தது இதுதான்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். தானாக இராஜினாமா செய்தாலும் உரிமை உண்டு. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கணக்காளர் கடிதம் கொடுத்தபோது நாலு வருடம் எட்டு மாதம். முன்னறிவித்தல் காலம் முடியும்போது நாலு வருடம் பத்து மாதம். இன்னும் இரண்டு மாதம் நின்றால் 120,000 ரூபாவில் இரண்டரை மாதச் சம்பளம், 300,000 ரூபா. நிற்காவிட்டால் ஒன்றுமில்லை.

மனிதவளப் பிரிவில் இருந்தவர் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "கொஞ்சம் பொறுத்தால் கிராட்டியுட்டியும் வருமே." கவுண்டர் ஒஃபருக்குச் சார்பாக யாரும் சொன்ன காரணங்களில் வலுவானது இதுவே. ஆனால் அது கவுண்டர் ஒஃபரின் பகுதி அல்ல. சட்டம் கொடுப்பது அது. இரண்டு மாதம் கூடுதலாக வேலை செய்ய கவுண்டர் ஒஃபரை ஏற்க வேண்டியதில்லை, கடைசி நாளைத் தள்ளிவைக்க இரண்டு பக்கமும் இணங்கினால் போதும். பழைய நிறுவனத்துக்கு அவர் தேவைப்பட்டார். கணக்காய்வாளர்கள் வரவிருந்தார்கள், பொறுப்பை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே இரண்டையும் பிரித்து வைத்துப் பேசச் சொன்னேன்.

இந்த ஆபத்து எல்லோருக்கும் நடக்கக்கூடியது என்பதால் ஒரு வார்த்தை. இராஜினாமாக் கடிதம் எழுதும் முன்பு நியமனக் கடிதத்தில் உள்ள திகதியை எடுத்து ஐந்து வருடத்தை எண்ணிப் பாருங்கள். முன்னறிவித்தல் காலமும் சேவைக் காலமே. கணக்காளர் கடிதத்தை இரண்டு மாதம் பிந்திக் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கல் வந்தே இருக்காது.

குரல் பதிவுகள்

கடந்த ஒரு வருடமாக அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் அனுப்பிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் பஸ்சில் வீடு திரும்பும்போது. புது நிறுவனத்தின் அழைப்பு வருவதற்கு முந்தியவற்றை மட்டும் திரும்பக் கேட்கச் சொன்னேன், நானும் கேட்டேன். கையில் கடிதம் வந்த பிறகு மனம் தொகையைப் பற்றியே நினைக்கும். அதற்கு முன் ஒருவர் எதைச் சொல்லி நொந்துகொண்டார் என்பதில்தான் அவர் போக விரும்பிய காரணம் இருக்கும்.

அந்தப் பதிவுகளில் சம்பளம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. திரும்பத் திரும்ப வந்தவை வேறு. முகவர்களின் அழைப்பில் காலை போய்விடுகிறது. மகனோடு இரவுச் சாப்பாடு இல்லை. தொழில்சார் பரீட்சைக்குப் படிக்க நேரமில்லை. பதவி பற்றி நிதி முகாமையாளரிடம் கேட்டால் முகம் மாறுகிறது.

இவற்றில் எதைப் பணிப்பாளரால் மாற்ற முடியும்? இதை ஊகிக்க வேண்டாம், நேரே கேட்டுவிடலாம் என்றேன். வெள்ளிக்கிழமை மூன்று விடயங்களை எழுதிக்கொண்டு போனார். கூட்டிய தொகையை அடிப்படையில் சேர்க்க முடியுமா? முகவர்களின் அழைப்புகளை எடுக்க விற்பனைப் பிரிவில் தமிழ் பேசும் ஒருவரை இன்ன திகதிக்குள் நியமிப்பீர்களா? உதவி முகாமையாளர் பதவியைக் கடிதத்தில் போடுவீர்களா?

அடிப்படையைத் தொட்டால் மற்றவர்களும் கேட்பார்கள் என்றார் பணிப்பாளர். ஆள் எடுப்பதை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் பார்ப்போம் என்றார். பதவி உங்களுக்குத்தான், ஆனால் பணிப்பாளர் சபையின் அனுமதி இல்லாமல் எழுத்தில் தர முடியாது என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தன்னால் உடனே கொடுக்கக்கூடிய ஒன்றை, காசை, அவர் மனதாரக் கொடுத்தார். கணக்காளரைப் போகத் தூண்டியவை அவருடைய கைக்குள் இருக்கவில்லை. என் பார்வையில் தீர்மானம் அந்த அறையிலேயே முடிந்துவிட்டது.

நன்றிக்கடன் பற்றி அவர் அன்றிரவு நீண்ட நேரம் பேசினார். 2022இல் முழுச் சம்பளம் கொடுத்தவர்களை விட்டுப் போவதா என்று. அந்த நன்றி மெய்யானது, அதை நான் சிறிதாக்க விரும்பவில்லை. ஆனால் அந்த வருடங்களில் முகவர்களைச் சமாதானப்படுத்தி நிறுவனத்துக்கு வரவேண்டிய காசை வரவழைத்ததும் அவர்தான். பொறுப்புகளை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போவது அந்த நன்றிக்குப் போதும் என்று சொன்னேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கவுண்டர் ஒஃபர் கடிதத்தில் இன்னொரு குறையும் இருந்தது. நிறுவனம் ஏற்றுக்கொண்ட இராஜினாமாவை ஊழியர் தனியாக மீளப்பெற முடியாது, நிறுவனமும் சம்மதிக்க வேண்டும். கடிதத்தில் புதிய சம்பளம் மட்டுமே இருந்தது. இராஜினாமா இரு தரப்புச் சம்மதத்தோடு மீளப்பெறப்படுகிறது என்றோ, சேவை 2020இலிருந்து தொடர்ச்சியாகக் கணக்கிடப்படும் என்றோ ஒரு வரியும் இல்லை. கவுண்டர் ஒஃபரை ஏற்பவர் இந்த இரண்டு வரியும் இல்லாமல் கையெழுத்துப் போடக்கூடாது. பின்னாளில் அது புதிய நியமனம் என்று யாராவது வாதிட்டால் பணிக்கொடைக்கான வருடங்களுக்குப் போராட வேண்டிவரும்.

ராஜகிரியப் பக்கத்து ஆபத்துகள்

புது இடம் குறையில்லாததல்ல. ஆறு மாதம் தகுதிகாண் காலம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஊழியரை நிறுத்துவதற்கு அவருடைய சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும் என்கிறது. ஆனால் 180 நாள் பூர்த்தியாகாதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பணிக்கொடைக்கான ஐந்து வருடம் பூச்சியத்திலிருந்து தொடங்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால் ஒரு குழுவே கலைந்துபோகலாம். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ். காலை 7 மணிக்கு அங்கே இருக்க 5.45க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்தும் வேலை கணவருக்கும் மாமியாருக்கும் போகும். அவர்களோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

நான் கவனித்த வேறொன்று: 7 முதல் 4 என்ற நேரம் நேர்முகத்தில் சொல்லப்பட்டதே தவிர நியமனக் கடிதத்தில் இல்லை. அவர் மாறுவதற்கு முதன்மைக் காரணமே அந்த நேரம்தான். எழுத்தில் கேட்டார். ஒரு நாளுக்குள் திருத்திய கடிதம் வந்தது. பழைய இடத்தில் கேட்ட மூன்றில் ஒன்றும் எழுத்தில் வராததையும் இங்கே கேட்டது மறுநாளே வந்ததையும் அவரே கவனித்தார், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆட்சேர்ப்பு முகவர் ஒவ்வொரு நாளும் அழைத்து, கவுண்டர் ஒஃபரை ஏற்றவர்கள் எல்லோரும் கெட்டுப்போவார்கள் என்றார். வேட்பாளர் வேலைக்குச் சேர்ந்தால்தான் அவருக்குக் கட்டணம். அவர் சொல்வதை அந்த அளவில் வைத்துக் கேட்க வேண்டும்.

அதே கட்டடத்தில் ஏற்றுக்கொண்டவர்

ஏனென்றால் எல்லோரும் கெட்டுப்போவதில்லை. இதே நிறுவனத்தின் களஞ்சிய மேற்பார்வையாளர் ஒருவர் முந்திய வருடம் கவுண்டர் ஒஃபரை ஏற்றார். பதினொரு வருட சேவை. வேலை பிடித்திருந்தது, முகாமையாளரோடு சுமுகம், வீடு கொட்டாஞ்சேனையில். அவருடைய குறை சம்பளம் ஒன்றுதான். இன்னோர் இடம் கூப்பிட்ட தொகையைக் காட்டினார். அவர் அடிப்படையில்தான் வேண்டும் என்று நின்றார், 95,000 ரூபாவை 130,000 ஆக்கினார்கள். அந்த ஒரு மாற்றத்தால் அவருடைய பணிக்கொடை உரிமை மட்டும் 192,500 ரூபாவால் கூடியது. இன்றும் அங்கே திருப்தியாக இருக்கிறார். அவரிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்லியிருப்பேன். கணக்காளரின் பக்கத்து மேசைக்காரர்கள் இவரைத்தான் உதாரணம் காட்டி நிற்கச் சொன்னார்கள். இருவருடைய காரணங்களும் வேறு என்பதை அவர்கள் பார்க்கவில்லை.

முடிந்த விதம்

திங்கட்கிழமை கணக்காளர் கவுண்டர் ஒஃபரை நன்றியோடு மறுத்தார். கடைசி நாளை இரண்டு மாதம் தள்ளிவைத்தால் கணக்காய்வை முடித்து, புதியவரைப் பழக்கிவிட்டுப் போகிறேன் என்றார். பணிப்பாளர் உடனே சம்மதித்தார். நிதி முகாமையாளரும் அன்றுதான் பழையபடி பேசினார்.

மறுத்தது ராஜகிரிய நிறுவனம். வாடிக்கையாளரின் வேலை தொடங்கும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. ஒரு மாதம் பொறுக்கலாம், இரண்டு மாதம் முடியாது என்றார்கள். ஒரு மாதத்தால் 300,000 ரூபா கைநழுவும் நிலை. அந்த இழப்பைக் காட்டி சேர்வுக் கொடுப்பனவு கேட்டார். 100,000 ரூபா கொடுத்தார்கள், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மீதி 200,000 ரூபாவை அவர் விட்டுவிட்டார். கவுண்டர் ஒஃபரோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் மாதம் 9,750 ரூபாவைக் கொண்டு பார்த்தால் அதை ஈடுகட்ட ஒன்றரை வருடத்துக்கு மேல் எடுக்கும்.

அவர் போன பிறகு பழைய நிறுவனம் இரண்டு பேரை எடுத்தது. ஒருவர் கணக்குக்கு. மற்றவர் விற்பனைப் பிரிவில் வடக்கு கிழக்கு முகவர்களோடு பேசுவதற்கு. கணக்காளருக்கு இது வலித்தது. எனக்குக் கோபமாகவே வந்தது.

தகுதிகாண் காலம் முடிந்து உறுதிப்படுத்தல் கடிதம் வந்துவிட்டது. நாலு மணிக்கு வேலை முடிகிறது. ராஜகிரியச் சந்தி நெரிசலில் வீடு வர ஐந்தரை ஆகிறது, காலையில் மகன் எழும்பும் முன்பு புறப்படுகிறார். பரீட்சைக்கு ஒரு பாடம் பதிந்திருக்கிறார்.

அந்த 200,000 ரூபா விடயத்தில் எனக்கும் அவருக்கும் இன்னும் கருத்து ஒன்றில்லை. இன்னும் ஒரு தடவை அழுத்திக் கேட்டிருந்தால் ராஜகிரியக்காரர்கள் அந்த மாதத்தையும் பொறுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆள் தேடி மாதக்கணக்கில் அலைந்தவர்கள் அவர்கள். சேர முந்தியே அளவுக்கு மிஞ்சி இழுத்தால் போய் இருக்கப்போகிற இடத்தில் முதல் நாளே கசப்பு வரும் என்கிறார் அவர். "அந்தக் காசு போகட்டும் அக்கா, நான் கேட்ட நேரம் கிடைச்சிட்டுது" என்கிறார்.